குடிபெயரும் பதிவேடுகள்



பனையோலை ஏடு என்றென்றும் வாழ்வதன்று. செல்லும் ஈரமும் தம் பங்கை எடுத்துக்கொண்டது போக, எஞ்சியதைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தமையினாலேயே நம் முன்னோரின் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. அவ்வேடுகளைப் பற்றி ஒன்று சொல்வார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அவற்றிற் பெரும்பாலும் இல்லை. எகர ஒகரங்களிலே குறில் எது, நெடில் எது என்று பிரித்துக் காட்டும் வழக்கமும் இல்லை. படிப்பவர் தமிழ் அறிந்தவர். ஆகவே இடம் நோக்கி வேண்டிய புள்ளியைத் தாமே இட்டுக்கொள்வார் என்பது எழுதியவரின் நம்பிக்கை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை ஏட்டினின்றும் அச்சுக்குக் கொணர்ந்தபோது, ஓலையில் உள்ளதைப் பார்த்தெழுதுதல் மட்டும் போதியதாய் இருந்திராது. ஓலையில் எழுதப்படாது படிப்பவர் நெஞ்சில் மட்டும் இருந்ததையும் உடன் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஏடு பெயர்த்தெழுதும் தொழில் ஒழிந்துவிடவில்லை. இன்று கணினிக்குள்ளே அது நடைபெறுகிறது. வங்கியின் கணக்கும், மருத்துவமனையின் நோயாளர் பதிவும், கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பும் தரவுத்தளம் எனப்படும் மின் பதிவேட்டிலே இருக்கின்றன. அத்தரவுத்தளத்தைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதியதொரு கணினிக்கு, அதிலும் மென்பொருளின் புதியதொரு பதிப்புக்கு, குடிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு பெயர்க்கையில் எது வந்து சேருகிறது, எது பின்தங்கிவிடுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டாலென்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவிலே பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர் என்பார் 1986 இல் தொடங்கிய ஆய்வு முயற்சியின் வழி வந்தது அது. விலை கொடாமலே பெறலாம். ஆண்டுக்கொரு பெரும் பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுக் காலம் திருத்தங்கள் கிடைக்கும். அதன் பின் இல்லை. 2019 இல் வந்த 12 ஆம் பதிப்பின் காலம் 2024 நவம்பரில் முடிந்தது. அத்தகைய தரவுத்தளங்கள் பலவற்றுக்கு அடித்தளமாய் இருந்த சென்ற்ஓஎஸ் 7 என்னும் பணிசெயல் முறைமையின் காலமும் அதே ஆண்டு ஜூன் 30 ஆந் திகதியோடு முடிந்தது. திருத்தம் வராத மென்பொருள் பூட்டு உடைந்த வீட்டை ஒக்கும். கள்வன் இன்று வரவில்லை என்பதனால் நாளையும் வரமாட்டான் என்று இருந்துவிட இயலாது.

யாழ்ப்பாணத்திலே ஒரு கூட்டுறவுச் சங்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். பத்தாயிரம் அங்கத்தவர், ஒரு பழைய கணினி, ஓர் இலிகிதர், கணினி அறிந்த இளைஞர் ஒருவர். பெயர்ச்சியை வாரவிடுமுறையில் முடித்துத் திங்கட்கிழமை கந்தோர் திறக்க வேண்டும்.

இளைஞருக்கு முதலில் தோன்றக்கூடிய வழி, பழைய கணினியில் உள்ள கோப்புக்களை அப்படியே புதியதிலே படியெடுத்து வைத்தல். பதிப்பு மாறும்போது இது செல்லாது. ஒவ்வொரு பெரும் பதிப்பும் தன் கோப்புக்களைத் தனக்கே உரிய முறையில் அடுக்கி வைக்கின்றது. புதிய பதிப்பு பழைய கோப்புக்களைக் கண்டதும், இவை எனக்குரியன அல்ல என்று கூறி இயங்க மறுத்துவிடும். மறுப்பது நன்மையே. பாதி புரிந்துகொண்டு இயங்கத் தொடங்கும் இயந்திரம் இதனினும் ஆபத்தானது.

ஆகவே தரவுத்தளத்தைச் சொல்லாக எழுதி வெளியே எடுக்க வேண்டும். இந்த அட்டவணையை அமை, அதில் இன்ன வரிகளை இடு, இன்ன பத்தியில் ஒரே இலக்கம் இருமுறை வராதவாறு காவல் செய் என்று கட்டளை வடிவிலே முழுப் பதிவேட்டையும் எழுதித் தரும் கருவி ஒன்று போஸ்ற்கிறெஸில் உண்டு. பீ-ஜீ-டம்ப் என்பது அதன் பெயர். அக்கட்டளைகளைப் புதிய கணினி ஒவ்வொன்றாய் நிறைவேற்றிப் பதிவேட்டைத் தன் முறைப்படி மீளக் கட்டி எழுப்புகிறது. எழுதி எடுக்கும் வேலைக்குப் பழைய பதிப்போடு வந்த கருவியை விடப் புதிய பதிப்போடு வந்த கருவியே ஏற்றது. புதியது பழையதன் நடையை அறியும். பழையதோ தனக்குப் பின் வந்ததை அறியாது.

இதிலே மூன்று இடங்களில் கால் இடறும்.

எழுதி எடுக்கத் தொடங்கிய கணத்திற் பதிவேடு எப்படி இருந்ததோ அப்படியே முழுமையாக எடுக்கப்படும். அதன் பின் யாராவது பழைய கணினியிற் பதிந்தால் அது படியில் ஏறாது, எச்சரிக்கையும் வராது. சனிக்கிழமை மாலையிலே கிளைக் கந்தோரில் ஒருவர் பதிந்த ஐந்து பற்றுச்சீட்டுக்கள் அவ்வாறே காணாமற் போய்விடலாம். எனவே எழுதுவதற்கு முன் பழையதன் வாயிலை அடைத்துவிட வேண்டும்.

அடுத்தது திறப்புக்கள். ஒரு தரவுத்தளத்தை எழுதி எடுக்கும்போது அதனுள் இருப்பவை வருமேயன்றி, யார் யார் அதைத் திறக்கலாம் என்ற பயனர் பட்டியலும் கடவுச்சொல்லும் வருவதில்லை. அவை அத்தளத்துக்கு மட்டும் உரியன அல்ல. கணினியில் உள்ள எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. தனியே எழுதி எடுக்க வேண்டும். வீட்டுச் சாமான் முழுவதையும் லொறியில் ஏற்றிவிட்டுத் திறப்புக் கோவையைப் பழைய வீட்டு ஆணியிலே மறந்துவிட்டுப் போவதை ஒக்கும் இது. கொண்டுபோனாலும் பூட்டு மாறியிருக்கக்கூடும். 2021 இல் வந்த 14 ஆம் பதிப்பிலிருந்து கடவுச்சொல்லைப் பேணும் இயல்பான முறை வேறாயிற்று. புதிய முறையை மட்டுமே ஏற்கும்படி அமைத்த கணினியிற் பழைய முறையிற் பதிந்த கடவுச்சொல் செல்லாது.

மூன்றாவது, மீள ஏற்றும்போது எழும் பிழைச் செய்தி. கட்டளை ஒன்று தவறினால் கருவி நின்றுவிடுமென்று நாம் எண்ணுவோம். நிறுத்தச் சொல்லி வைத்தாலன்றி அது நில்லாது. தவறியதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நள்ளிரவிலே திரையில் ஆயிரம் வரிகள் ஓடுகையில் ஓர் அட்டவணை ஏறாமற் போனதைச் சொல்லும் ஒற்றை வரியை யார் காண்பார்? பிழையென்றால் நில் என்று முன்கூட்டியே கட்டளையிடுதல் ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாதவர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

இவையெல்லாம் வழிகாட்டி நூலைப் படித்தாற் தெரியக்கூடியவை. இனிச் சொல்லப்போவது எல்லாம் சரியாய் நடந்துவிட்டது போலவே தோன்றச் செய்து, ஆறு மாதம் கழித்துத் தலைகாட்டும் பிழை.

பத்தாயிரம் பேர் கொண்ட இடாப்பில் ஒருவரைத் தேட இலிகிதர் முதற் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. நடுப்பக்கத்தை விரிப்பார், தேடும் இலக்கம் முன்னதா பின்னதா என்று பார்ப்பார், அப்பாதியின் நடுவை விரிப்பார். கணினியும் அவ்வாறே செய்கிறது. அதற்கென வரிசைப்படுத்தி வைத்திருக்கும் அட்டவணைக்குச் சுட்டி என்று பெயர். எழுத்தாலான பெயர்களையும் இலக்கங்களையும் எந்த வரிசையில் வைப்பது என்பதைப் பெரும்பாலும் தரவுத்தளம் தானே முடிவு செய்வதில்லை. தனக்கு அடியிலே இயங்கும் பணிசெயல் முறைமையைக் கேட்டறிகிறது. ஏட்டிலே எழுதப்படாது படிப்பவர் நெஞ்சில் இருந்த புள்ளிகளை நினைவு கொள்ளுங்கள். வரிசை என்பதும் அத்தகையதே. சுட்டி அவ்வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் வரிசையின் விதி சுட்டிக்குள் எழுதப்பட்டிருக்காது.

லினக்ஸ் முறைமைகளிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்விதியை வழங்கும் பொதுத் தொகுதி ஜீ-லிப்-சி எனப்படுவது. 2018 ஓகஸ்ட்டில் வெளிவந்த அதன் 2.28 ஆம் பதிப்பிலே வரிசை விதிகள் அனைத்துலக நியமத்துக்கேற்பத் திருத்தப்பட்டன. அதற்கு முன், இலக்கங்களுக்கிடையில் வரும் சிறு கோட்டை முதற் பார்வையில் இல்லாததாகவே கொண்டார்கள். பின்பு அதையும் ஓர் எழுத்தாகக் கணக்கிட்டார்கள், அதுவும் இலக்கங்களுக்கு முந்திய எழுத்தாக. சென்ற்ஓஎஸ் 7 பழைய விதியைச் சேர்ந்தது. அதன் இடத்தை நிரப்ப வந்தவை யாவும் புதிய விதியைச் சேர்ந்தவை.

நம் கற்பனைச் சங்கத்திலே கிளை இலக்கத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் கோடிட்டு 12-3 என எழுதுவது வழக்கம் என்க. கோடில்லாத பழைய இலக்கங்களும் இடாப்பில் உண்டு. பழைய விதிப்படி 12-3 என்பது 123 இருக்கவேண்டிய இடத்தில், அஃதாவது 122 க்கும் 124 க்கும் நடுவே, அமர்ந்திருக்கிறது. புதிய கணினியோ 12-3 என்பது 120 க்கும் முன்னே இருக்க வேண்டுமென நம்புகிறது. அங்கே போய்ப் பார்க்கிறது, காணவில்லை. அப்படி ஒருவர் இல்லை என்கிறது. அங்கத்தவர் கையிலே அட்டையோடு கவுன்ரரின் முன் நிற்கிறார். முப்பது வருடமாகச் சந்தா கட்டியவர். அவருடைய பதிவு ஓர் எழுத்தும் கெடாமல் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் இடாப்பில் உங்கள் பெயர் இல்லையே ஐயா என்று சொல்லுகிறார் இலிகிதர். அவர் பொய் சொல்லவில்லை.

அதோடும் முடிவதில்லை. பெயர் இல்லை என்று கண்ட இலிகிதர், இரக்கமுள்ளவராயின், அவரைப் புதிதாகப் பதிந்துவிடுவார். ஒரே இலக்கம் இருமுறை வராமற் காக்க வேண்டிய காவலனும் அதே சுட்டியைத்தான் பார்க்கிறான், அவனுக்கும் பழைய பதிவு தென்படவில்லை, விட்டுவிடுகிறான். இப்போது 12-3 இருவர். ஒருவர் பெயரில் முப்பது வருடச் சேமிப்பு, மற்றவர் பெயரில் ஒன்றுமில்லை. இருவரும் ஒருவரே.

கட்டளை வடிவில் எழுதி எடுத்து மீள ஏற்றுகிறவருக்கு இத்துன்பம் நேராது. ஏனெனில் சுட்டிகள் யாவும் புதிய கணினியிலே புதிய விதிப்படி முதலிலிருந்து கட்டப்படுகின்றன. பழைய இடாப்பில் ஏற்கெனவே இரட்டைப் பதிவு ஒளிந்திருந்தால் அப்போதே அது பிடிபட்டுப் பெயர்ச்சி தடைப்படும். கணக்காய்வாளர் செய்யும் வேலை அது. நேரம் மிச்சமென்று கருதிக் கோப்புக்களாகவே படியெடுத்து, புதிய கணினியில் முதலிற் பழைய பதிப்பையே நிறுவித் திறந்து, பின் அங்கேயே மேம்படுத்துகிறவருக்குத்தான் இது நேரும். பீ-ஜீ-அப்கிறேட் என்னும் விரைவுக் கருவியும் சுட்டிகளைப் புதிதாய்க் கட்டாது, இருந்தபடியே கொண்டுவந்து சேர்க்கும். பல்லாயிரம் கோடி வரிகள் கொண்ட பெரு நிறுவனத்துக்கு அந்த விரைவு தேவைப்படலாம். அவர்கள் சுட்டிகளை மீளக் கட்டும் கட்டளையை மறவாது இடுவார்கள். பத்தாயிரம் அங்கத்தவருள்ள சங்கத்துக்கு மெதுவான வழியையே நான் சிபார்சு செய்வேன். அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்து எவருக்கும் ஆவதொன்றுமில்லை.

மென்பொருளை ஆக்குவோர் இதனை அறியாதவரல்லர். 2022 இல் வந்த 15 ஆம் பதிப்பு, தரவுத்தளம் உருவானபோது இருந்த வரிசை விதியின் பதிப்பைக் குறித்து வைத்து, அது மாறியிருந்தால் எச்சரிக்கிறது. 2024 இல் வந்த 17 ஆம் பதிப்பு, பணிசெயல் முறைமையைக் கேளாது தானே வரிசைப்படுத்தும் வழியொன்றையும் தந்தது. அவ்வழி எழுத்துக்களை அவற்றின் யூனிகோட் எண்ணின்படி நிறுத்துவது. ஆங்கிலேயருக்கு அது ஓரளவு பொருந்தும். நமக்குப் பொருந்தாது. 1991 இல் யூனிகோட்டிலே தமிழுக்கு இடம் வகுத்தபோது வடமொழி எழுத்து வரிசையின் சட்டத்துக்குள் நம் எழுத்துக்களை அமர்த்தினார்கள். ஆகையால் நகரத்துக்கு அடுத்ததாகவே றன்னகரம் வந்துவிடுகிறது. அதன் பிறகே பகரம். நம் அகராதியிலே கப்பல் முன்னே, கன்று பின்னே. யூனிகோட் எண்ணின்படி கன்று முன்னே, கப்பல் பின்னே. தேடுவதற்கு இவ்வரிசை போதும். பெயர்ப் பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதற்குப் போதாது. அதற்கு வேண்டிய இடத்திலே தமிழ் வரிசையைத் தனியே கேட்டுப் பெறவேண்டும்.

தமிழைப் பற்றிப் பேச்சு வந்தமையால் இன்னும் சிறிது சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிற் பழைய பதிவுகள் பல பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துக்களே. பாமினி என்னும் முகமூடி அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய கணினியிலே முகமூடி இல்லையேல், பெயர்கள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்க் கிடக்கும். குடிபெயரும்போதே அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிவிடுவோம் என்பது நல்லெண்ணந்தான். ஆனால் இடமளவு பெருகும். யாழ்ப்பாணம் என்பது செவிக்கு ஆறெழுத்து. யூனிகோட்டில் ஒற்றும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் பதினொரு குறி. அவற்றை வழக்கமான முறையிற் சேமிக்கையில் குறிக்கு மூன்று பைட்டு வீதம் 33 பைட்டு. குறிகளை எண்ணும் தரவுத்தளமும் உண்டு. பைட்டுக்களை எண்ணுவதும் உண்டு. இருபது பைட்டுக்கென்று வகுத்த பத்தியிலே யாழ்ப்பாணம் நுழையாது.

கொழும்பின் கதை வேறு. முதலெழுத்தாகிய கொ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு ஊர்கள். ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படாது. மாற்றியெழுதும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுதல் நலம். போஸ்ற்கிறெஸின் 13 ஆம் பதிப்பிலிருந்து அதற்கெனக் கட்டளையே உண்டு. இரண்டு வேலைகளை ஒரே வாரவிடுமுறையில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். முதலில் உள்ளதை உள்ளபடி பெயருங்கள். எழுத்து மாற்றத்தைப் பின்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாய்ச் செய்தபின் ஒரு பிழை கண்டால், அது எவ்வழி வந்ததென்று கண்டறிவது பெரும்பாடு.

தரவு பழுதின்றி வந்து சேர்ந்தும் பெயர்ச்சி தோற்றதற்குப் பெரியதொரு சான்று பிரித்தானியாவில் உண்டு. ரீ.எஸ்.பி. என்னும் வங்கி, லொயிட்ஸ் வங்கியிடம் வாடகைக்குப் பெற்றிருந்த கணினி முறைமையை விட்டு, அப்போது தன் உடைமையாளராயிருந்த ஸ்பானிய சபடெல் வங்கியினர் அமைத்த புதிய முறைமைக்கு 2018 ஏப்ரலில் ஒரு வாரவிடுமுறையிலே குடிபெயர்ந்தது. வாடிக்கையாளர் 52 இலட்சம் பேர். கணக்குகள் யாவும் சென்று சேர்ந்தன. ஆனால் வாடிக்கையாளர் திரண்டு வந்தபோது புதிய முறைமை தாங்கவில்லை. பணம் எடுக்க முடியாதோர், தம் கணக்கையே காண முடியாதோர் எனப் பெருந்தொகையினர் இடர்ப்பட்டனர். கிளைகள் அனைத்தும் பாதிப்புற்றன. நிலைமை முற்றாகச் சீரடைய அவ்வாண்டு டிசெம்பர் ஆயிற்று. வாடிக்கையாளருக்கு வங்கி இழப்பீடாகக் கொடுத்தது 3 கோடியே 27 இலட்சம் பவுண். அதற்கு மேல் 2022 டிசெம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புக்கள் விதித்த தண்டம் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். இரு தரவு மையங்கள் இருக்க, ஒன்றையே சுமையேற்றிச் சோதித்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்த செய்திகளுள் ஒன்று.

நம் சங்கத்து இளைஞர் சோதிக்க வேண்டியது அத்துணைப் பெரிதன்று. விடுமுறைக்கு இரு வாரம் முன்பே ஒத்திகை ஒன்று நடத்தலாம். பழையதை நிறுத்தாமலே ஒரு படி எழுதியெடுத்து, புதியதில் ஏற்றி, எத்தனை மணி நேரம் பிடிக்கிறதென்று குறித்துக்கொள்ளலாம். ஏற்றி முடிந்ததும் புள்ளிவிபரங்களைத் திரட்டும் கட்டளையை மறவாது இடவேண்டும். எந்தச் சுட்டி வழியே தேடினால் விரைவு என்பதை அப்புள்ளிவிபரங்களைக் கொண்டே கணினி தீர்மானிக்கிறது. அவை இல்லாதபோது ஒரு நொடி வேலைக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, புதிய கணினி பழையதிலும் மந்தம் என்ற பழியைச் சுமக்கும்.

பின்பு இரண்டையும் அருகருகே வைத்து ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். அட்டவணை தோறும் வரிகள் எத்தனை? சேமிப்பின் கூட்டுத்தொகை சதம் பிசகாமல் ஒன்றுதானா? கேள்விகளை இளைஞர் மட்டும் அமைத்தாற் போதாது. இலிகிதரும் உடனிருக்க வேண்டும். எந்த அங்கத்தவரின் பெயர் விசித்திரமாய் எழுதப்பட்டிருக்கிறது, யாருக்கு இரு கிளைகளிற் கணக்கு, எந்த இலக்கம் 1987 இல் பழைய இடாப்பிலிருந்து பிழையாக ஏறித் திருத்தப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் எழுதித் தரும் இருபது கேள்விகள் ஆயிரம் வரிச் சோதனைக்கு நிகர்.

இன்னொன்று. புதிய கணினியிலே முதலாவது பற்றுச்சீட்டு விழும்வரை திரும்பிப் போகும் பாதை திறந்தே இருக்கிறது. பிழை கண்டால் பழையதை மீண்டும் இயக்கிவிட்டு, வேறொரு விடுமுறையிற் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு சீட்டு விழுந்த பின் பழையது பின்தங்கிவிடுகிறது. திரும்புவதாயின் அதற்குப் பிந்திய ஒவ்வொரு பதிவையும் கையால் எழுதிச் சேர்க்கவேண்டும். ஆகவே போவதா நிற்பதா என்ற முடிவை ஞாயிற்றுக்கிழமை மாலையிலே, வாயில் திறக்குமுன்னர், சங்கத் தலைவரும் இளைஞரும் இலிகிதரும் ஒருங்கிருந்து எடுத்துவிடுதல் வேண்டும். பழைய கணினியை எழுத முடியாதபடி பூட்டி, அவ்வருடக் கணக்கு முடிந்து ஆய்வாளர் கையொப்பமிடும்வரை அலுமாரியிலே வைத்திருங்கள்; அதன் வட்டை அழித்து விற்பதற்கு அவசரம் என்ன?

திங்கட்கிழமை காலையிலே, முதலாவது அங்கத்தவர் வருமுன், 12-3 ஐ ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.